தொழிலைத் தெரிந்தெடுத்தல்: திருகோணமலைத் துறைமுக மாவட்டத்து இளைஞர்க்கு

முன்னுரை

பாடசாலைப் படிப்பு முடிந்த பின் இனி யாது செய்வது என்னும் வினா, திருகோணமலை மாவட்டத்துக் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகின்றது. க.பொ.த. சாதாரண தரமோ உயர் தரமோ எழுதிய பிள்ளை வீட்டில் இருக்கும். உத்தியோகம் வரும் என்று பெற்றோர் காத்திருப்பர், பிள்ளையும் காத்திருக்கும். இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தபின், கையிற் கிடைத்த வேலையை ஏற்பதும், அது பிடியாமல் விடுவதும், காணியை ஈடு வைத்து வெளிநாடு செல்வதும் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டன.

கமக்காரர் எவரும் மண்ணையும் நீரையும் பாராது, போகத்தை அறியாது, அயலவர் விதைத்தார் என்பதற்காக மட்டும் தாமும் விதைப்பதில்லை. நிலாவெளி மணலிற் சின்ன வெங்காயம் நடுகின்றவரே, தம்பலகாமத்து வயலிற் காணி கிடைப்பின் அங்கு நெல்லைத்தான் விதைப்பார். நாலு மாதப் பயிருக்குக் காட்டப்படும் இந்த ஆராய்ச்சி, நாற்பது ஆண்டுகள் செய்ய வேண்டிய தொழிலைத் தெரிவதிற் காட்டப்படுவது அரிதாக உள்ளது.

தொழிலை எவ்வாறு ஆராய்ந்து தெரிவது என்பதை இப்பிரசுரம் விளக்குகின்றது. கமத்தொழிலே யாவர்க்கும் ஏற்றது என்பது இதன் கருத்தன்று. வேறெதுவும் கிடையாதவர் சேரும் கடைசிப் புகலிடமே கமம் என்பதும் உண்மையன்று. ஏனைய தொழில்களைப் போலவே அதையும் நிறுத்துப் பார்த்து ஏற்கவோ விடவோ வேண்டும்.

1. மாவட்டத்தின் வரலாறு தரும் பாடம்

திருகோணமலைத் துறைமுகம் உலகிலுள்ள பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. நெடுங்காலம் அது பிரித்தானியக் கடற்படைக்குத் தளமாக இருந்தது. கடற்படையின் கப்பற் பட்டறையும், சீனன்குடாவிற் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளும், அவற்றைச் சார்ந்த கடைகளும் பண்டகசாலைகளும் நகரத்தின் பெரும்பகுதிக்குச் சோறளித்தன. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. நாட்டிற்கு அது பெருமை தந்த நிகழ்ச்சி. எனினும், தளத்து வேலையை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் வேறு சீவனோபாயம் தேட நேர்ந்தது.

1960ஆம் ஆண்டிற் கந்தளாயிற் சீனித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கரும்புச் செய்கை, ஆலை வேலை, வண்டி வேலை எனப் பல தொழில்கள் அதைச் சுற்றித் தோன்றின. 1990களில் ஆலை மூடப்பட்டபோது அத்தொழில்களும் அற்றுப்போயின. சம்பூரில் அனல்மின் நிலையம் ஒன்று அமையும் எனப் பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2016ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அதே சம்பூரிற் சூரிய ஒளியால் 120 மெகாவாற்று மின்சாரம் பெறும் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது.

அதே காலத்திற் புதிய தொழிற்கூடங்களும் தோன்றின. 1980ஆம் ஆண்டிற் கோதுமை மா ஆலையும், அதன்பின் சீமெந்துத் தொழிற்சாலையும் துறைமுகக் கரையில் இயங்கத் தொடங்கின. பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதற்கான உடன்படிக்கை 2022ஆம் ஆண்டு சனவரியிற் கைச்சாத்தாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையும் எத்தனையோ வள்ளங்களையும் வயல்களையும் கால்நடைகளையும் அழித்தன. பிழைத்தவர் மீண்டும் தொழில் தொடங்கியது தம் கையிலிருந்த தேர்ச்சியைக் கொண்டேயாம்.

இதிற் கிடைக்கும் பாடம் தெளிவானது. தொழிற்கூடம் வரும், போகும். கைத்தேர்ச்சி போகாது. ஆதலின், "எந்த நிறுவனத்தில் வேலை கிடைக்கும்?" என்பது முதல் வினாவாக இருத்தல் கூடாது. "எந்தத் தேர்ச்சியைப் பெற்றால், இந்த நிறுவனம் மூடப்பட்டாலும் வேறிடத்திற் பிழைக்கலாம்?" என்பதே முதல் வினாவாக வேண்டும். மின்னிணைப்பு அறிந்தவர்க்கு அனல்மின் நிலையம் வந்தாலும் சூரியமின் நிலையம் வந்தாலும் வேலையுண்டு. நீர்ப்பம்பி திருத்த அறிந்தவர் வெங்காயத் தோட்டத்திலும் உழைக்கலாம்; உல்லாச விடுதியிலும் உழைக்கலாம்.

2. மாவட்டத்திலுள்ள தொழில்கள்

(அ) நெற்செய்கை. கந்தளாய்க் குளத்தின் கீழும், தம்பலகாமத்திலும், வெருகலாற்றின் நீரை மாவிலாறு வழியாகப் பெறும் அல்லைத் திட்டத்திலும், மூதூர், கிண்ணியா, சேருவில முதலிய பகுதிகளிலும் நெல் விளைகின்றது. பெரும்போகம் மழையோடும், சிறுபோகம் குளத்து நீரோடும் நடைபெறும். சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்திலுள்ள நீரைக் கணக்கிட்டுப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்வர். ஆதலால், நீர் உறுதியாகக் கிடைக்கும் காணிக்கும் வானம் பார்த்த காணிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரத்துடன் வழங்கப்பட்ட காணியைக் குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க இயலாது. நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் நால்வரும் அதே வயலை நம்பியிருத்தல் ஆகாது.

(ஆ) மேட்டுநிலப் பயிர்கள். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி முதலிய கரையோர மணற்பகுதிகளிற் கிணற்று நீரைக்கொண்டு சின்ன வெங்காயம் செய்கைபண்ணப்படுகின்றது. இது ஏறக்குறைய இரண்டரை மாதத்திற் பயன்தரும் பயிர். சிறு நிலமே போதும். ஆயின் முதலும் கூலியும் மிகுதியாக வேண்டும். விலை ஏறி இறங்கும் இயல்புடையது. மிளகாய், நிலக்கடலை, சோளம், மரக்கறி என்பனவும் மேட்டுநிலத்திற்கு ஏற்றவை. கரையோரக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் ஏறும் என்பதை மறத்தலாகாது.

(இ) கால்நடை. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பகுதிகளில் எருமை வளர்ப்பும் தயிர் செய்தலும் பழைய தொழில்கள். எருமைப் பாலிற் கொழுப்பு மிகுதி. ஆதலால் தயிர் நன்கு இறுகும். மேய்ச்சற்றரை ஆண்டுக்காண்டு சுருங்கி வருவதே இத்தொழிலின் பெருங்குறை. பல மாடுகளை மேய்ச்சலுக்கு விடுவதிலும், சில மாடுகளைக் கட்டி வைத்துப் புல் வளர்த்து ஊட்டுவது புதிதாகத் தொடங்குவோர்க்கு ஏற்றது.

(ஈ) கமத்தைச் சார்ந்த தொழில்கள். காணி இல்லாதவரும் கமத்தால் வாழலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓட்டுதல், அவற்றைத் திருத்துதல், நீர்ப்பம்பியும் சொட்டுநீர்க் குழாயும் பொருத்துதல், நாற்றுமேடை வைத்து மரக்கறி நாற்றும் பழமரக் கன்றும் விற்றல், அத்தாட்சிப்படுத்திய விதை நெல் உற்பத்தி செய்தல், காளான் வளர்த்தல், நெல் குற்றுதல், விளைபொருளைத் தரம்பிரித்துப் பொதி செய்தல் என்பன அவற்றுட் சில. இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வயல் வேண்டியதில்லை. தேர்ச்சியும் நாணயமும் வேண்டும்.

(உ) மீன்பிடி. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பல நாட்கள் கடலில் தங்கும் வள்ளங்களும், கரையோர ஊர்களிலிருந்து சிறு வள்ளங்களும் தொழிலுக்குச் செல்கின்றன. உடல் வலிமையும் கடலறிவும் இதற்கு வேண்டும். மீன் பிடிப்பவர்க்கு மட்டுமன்றி, வெளியிணைப்பு இயந்திரம் திருத்துபவர்க்கும், வள்ளம் பழுது பார்ப்பவர்க்கும், பனிக்கட்டி ஆலையில் வேலை செய்பவர்க்கும், கருவாடு போடுபவர்க்கும் இதில் இடமுண்டு.

(ஊ) துறைமுகமும் ஆலைகளும். மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் களஞ்சியம், புல்மோட்டையின் கனிம மணல் தொழில் என்பன மின்தொழில், வெல்டிங், பாரந்தூக்கி இயக்கல், இயந்திரப் பராமரிப்பு, ஆய்வுகூட உதவி, கணக்கு ஆகிய தேர்ச்சிகளை வேண்டுகின்றன. தேர்ச்சியில்லாதவர்க்கு இங்கும் நாட்கூலி வேலையே கிடைக்கும். கப்பலில் மாலுமியாகச் செல்ல விரும்புவோர், 1978ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைக்கு அமைந்த அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ்களைப் பெறுதல் வேண்டும்.

(எ) உல்லாசப் பிரயாணத் துறை. நிலாவெளி, உப்புவெளி கடற்கரைகளும், புறாத்தீவும், கோணேசர் கோயிலும், கன்னியா வெந்நீரூற்றும் பயணிகளை ஈர்க்கின்றன. சமையல், விடுதிப் பராமரிப்பு, படகோட்டல், வழிகாட்டல் என்பன இதிலுள்ள தொழில்கள். சிங்களமும் ஆங்கிலமும் பேச அறிந்தவர்க்கு வருவாய் மிகும்.

(ஏ) அரச உத்தியோகம். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது பழைய சொல். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் மனத்திற்கு அமைதி தருவன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், வெற்றிடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர். உத்தியோகத்திற்கு விண்ணப்பிப்பது தவறன்று. விண்ணப்பித்துவிட்டு, விடை வரும் வரை எத்தேர்ச்சியும் பெறாது இருப்பதே தவறு.

3. பருவமும் தொழிலும்

இம்மாவட்டத்திற்கு இயற்கை அளித்த வசதி ஒன்று உண்டு. வயலுக்கு உரிய காலமும் கடலுக்கு உரிய காலமும் இங்கு பெரும்பாலும் வேறு வேறானவை.

ஒக்டோபர் முதல் சனவரி வரை வாடைக் காற்றோடு மழை பெய்யும். பெரும்போக விதைப்பு இக்காலத்தில் நடைபெறும்; பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடையாகும். நவம்பர் முதல் சனவரி வரை கீழ்க்கடல் கொந்தளிக்கும்; சிறு வள்ளங்கள் பல நாட்கள் கரையிற் கிடக்கும்; பயணிகளும் குறைவு.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும். மேற்குக் கடல் கொந்தளிக்கும் இக்காலத்திற் கீழ்க்கடல் அமைதியாக இருக்கும். மீன்பிடியும் உல்லாசப் பிரயாணமும் மும்முரமாக நடக்கும். குளத்து நீருள்ள இடத்திற் சிறுபோக நெல்லும், கிணற்று நீருள்ள இடத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்யலாம்.

ஆகவே, மழை நீரை மட்டும் நம்பி ஒரு போகம் செய்யும் கமக்காரர் வீட்டுப் பிள்ளை, மே முதல் செப்டெம்பர் வரை விடுதி வேலையோ படகு வேலையோ செய்யலாம். கரையோரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, மாரியில் வீட்டுத் தோட்டமும் வலை பின்னுதலும் இயந்திரம் திருத்துதலும் பழகலாம். இரண்டு தொழில் செய்வது இழிவன்று. கடல் பொய்த்த ஆண்டில் வயலும், வயல் பொய்த்த ஆண்டிற் கடலும் குடும்பத்தைத் தாங்கும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அடுத்த பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைவு வீழ்ந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பட்டபோது வள்ளங்கள் கரையில் நின்றன. ஒரே தொழிலை நம்பியிருந்தவர்க்கே அவ்விரண்டு ஆண்டுகளும் மிகக் கொடியனவாக இருந்தன.

4. தன்னை ஆராய்தல்

மண்ணைப் பரீட்சிப்பது போலத் தொழில் தேடுபவர் தம்மையும் பரீட்சித்தல் வேண்டும். பின்வரும் வினாக்களுக்கு விடைகளை ஒரு கொப்பியில் எழுதுக. மனத்தில் நினைத்தால் மட்டும் போதாது. எழுதும்போதே உண்மை புலப்படும்.

(1) வெயிலிலும் மழையிலும் நின்று செய்யும் வேலை பிடிக்குமா? நிழலில் இருந்து செய்யும் வேலை பிடிக்குமா?

(2) தனித்து வேலை செய்வதில் விருப்பமா? பலரோடு பேசிப் பழகும் வேலையில் விருப்பமா?

(3) இயந்திரம் ஒன்று பழுதானால் அதைக் கழற்றிப் பார்க்கும் ஆவல் எழுகின்றதா? செடி ஒன்று வாடினால் ஏன் வாடிற்று என்று அறியும் ஆவல் எழுகின்றதா?

(4) மாதந்தோறும் குறைந்த தொகை உறுதியாக வருவது வேண்டுமா? போகத்திற்கு ஒருமுறை, கூடவோ குறையவோ வருவதைப் பொறுத்திருக்க இயலுமா?

(5) குடும்பத்திற்குக் காணி, கிணறு, வள்ளம், மாடு, கடை ஆகியவற்றுள் எவை உள? அவற்றைப் பயன்படுத்தும் உரிமை தமக்கு உண்டா? ஏனைய சகோதரர்க்கும் அவற்றிற் பங்குண்டா?

(6) பாடசாலையில் எப்பாடம் எளிதாக வந்தது? எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை?

(7) உடல்நலத்திற் குறை உண்டா? கண், முதுகு, மூச்சு என்பவற்றிற் குறையுள்ளவர் சில தொழில்களைத் தவிர்த்தல் நலம்.

இவ்விடைகளைப் பெற்றோரிடமும், நன்கு அறிந்த ஆசிரியர் ஒருவரிடமும் காட்டி, அவை சரிதானா என்று கேட்டல் வேண்டும். தம்மிடமுள்ள திறமையைத் தாம் அறியாதவரும் உளர். இல்லாத திறமை உண்டென எண்ணுபவரும் உளர்.

5. கணக்குப் பார்த்தல்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பர். மிஞ்சுமா மிஞ்சாதா என்பதை உழுவதற்கு முன்னரே கணக்கிட்டுப் பார்ப்பது உத்தமம். விலைகள் மாறுவனவாதலால், நெற்செய்கைக் கணக்கை நெல்லாகவே போட்டுப் பார்க்கலாம். கீழே தரப்படும் எண்கள் முறையை விளக்கும் பொருட்டே எடுக்கப்பட்டவை. ஒவ்வொருவரும் தம் ஊர் எண்களை இட்டுக் கணக்கிடுதல் வேண்டும்.

ஒருவர் 2 ஏக்கர் வயல் செய்கின்றார் என்க. ஏக்கருக்கு 80 புசல் விளைந்தால் மொத்தம் 160 புசல். உழவு, விதை, பசளை, களை நாசினி, அறுவடை, ஏற்றுக்கூலி ஆகிய யாவும் ஏக்கருக்கு 48 புசல் நெல்லின் விலைக்குச் சமமாயின், செலவு 96 புசல். மிச்சம் 64 புசல். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 20.9 கிலோகிராம் ஆதலால், இது சுமார் 1,340 கிலோகிராம்.

அவ்வயல் குத்தகை வயலாயின், ஏக்கருக்கு 20 புசல் வீதம் 40 புசல் குத்தகையாகப் போகும். மிச்சம் 24 புசல், அதாவது சுமார் 500 கிலோகிராம் மாத்திரமே. ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் நாலு மாதச் சோற்றுக்கு ஏறக்குறைய 300 கிலோகிராம் நெல் வேண்டும். எஞ்சிய 200 கிலோகிராமை விற்றே உடை, மருந்து, பாடசாலைச் செலவு யாவும் பார்த்தல் வேண்டும்.

இக்கணக்கிலிருந்து மூன்று செய்திகள் தெரியவரும். முதலாவது, சொந்த வயல் உள்ளவர்க்கும் குத்தகை வயல் செய்பவர்க்கும் ஒரே தொழில் ஒரே பலனைத் தராது. இரண்டாவது, இரண்டு ஏக்கர் குத்தகை வயலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துதல் கடினம். மூன்றாவது, உழவும் அறுவடையும் இயந்திரத்தால் நடைபெறும் இக்காலத்தில், இரண்டு ஏக்கர் நெல் ஒருவரது நாலு மாத உழைப்பையும் கொள்வதில்லை. மிஞ்சும் நாட்களிற் கறவை மாடு, மரக்கறிப் பாத்தி, இயந்திர வேலை ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்துச் செய்பவரே முன்னேறுவர்.

ஏனைய தொழில்களுக்கும் இவ்வாறே கணக்கிடுதல் வேண்டும். நகரத்திற் சம்பள வேலையாயின், சம்பளத்திலிருந்து வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்து மிச்சத்தைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலையாயின், முகவருக்குக் கொடுக்கும் தொகை, கடனுக்குரிய வட்டி, ஒப்பந்தக் காலம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முகவர் அனுமதி பெற்றவரா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்தறியாது காணி உறுதியை ஈடு வைத்தல் ஆகாது. இழந்த வேலையை மீண்டும் பெறலாம். இழந்த காணியைப் பெறுதல் அரிது.

6. சிறு பாத்தியிற் பரீட்சித்தல்

புதிய நெல்லினம் ஒன்று கிடைத்தால், அனுபவமுள்ள கமக்காரர் அதை வயல் முழுவதும் விதைப்பதில்லை. ஒரு வரவையில் விதைத்துப் பார்த்து, நன்றாயின் அடுத்த போகத்திற் பெருக்குவார். தொழிலிலும் இம்முறையே தக்கது.

வெங்காயச் செய்கையை விரும்புபவர் முதலில் 20 பேர்ச் நிலத்தில், அதாவது ஏக்கரில் எட்டிலொரு பங்கில், ஒரு முறை நட்டுப் பார்க்கலாம். விதை வெங்காயத்தின் விலை, இறைத்த மணித்தியாலங்கள், களை பிடுங்கிய நாட்கள், விற்ற விலை ஆகிய யாவற்றையும் எழுதி வைத்தல் வேண்டும். நட்டம் வந்தாலும் அது தாங்கக்கூடிய நட்டமாயிருக்கும். கற்ற பாடம் பெரிதாயிருக்கும்.

மீன்பிடியை விரும்புபவர் அனுபவமுள்ள ஒருவரோடு ஒரு பருவம் சென்று வரலாம். இயந்திரத் தொழிலை விரும்புபவர் பட்டறை ஒன்றில் மூன்று மாதம் உதவியாளராக இருக்கலாம். விடுதித் தொழிலை விரும்புபவர் பருவகாலத்தில் ஒரு விடுதியிற் சேர்ந்து பார்க்கலாம். தொழிலிலுள்ள தொல்லைகள் வெளியே நிற்பவர்க்குத் தெரியா. அத்தொல்லைகளைக் கண்ட பின்னரும் விருப்பம் குறையாதாயின், அத்தொழில் அவருக்கு ஏற்றது எனக் கொள்ளலாம். பரீட்சித்துப் பார்த்து விட்டுவிடுவது தோல்வியன்று. பரீட்சியாது பத்து ஆண்டுகள் செய்து வெறுப்பதே தோல்வி.

7. பயிற்சி பெறும் வழிகள்

இலங்கையிற் கைத்தொழிற் தேர்ச்சிகள் தேசிய தொழில் தகைமை என்னும் பெயரால் ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. முதல் நாலு மட்டங்களும் சான்றிதழ். 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7ஆம் மட்டம் பட்டத்திற்குச் சமமானது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், தொழில்நுட்பக் கல்லூரிகள், தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை என்பன இத்தகைமைகளுக்கான பயிற்சியை அளிக்கின்றன.

பயிற்சி நிலையம் செல்லாது, பட்டறையிலோ வயலிலோ வேலை பழகியவர்க்கும் இம்முறையில் இடமுண்டு. முன்னர் கற்ற தேர்ச்சியை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு அதில் உள்ளது. தந்தையோடு இருந்து உழவு இயந்திரம் திருத்தப் பழகிய இளைஞர், செயன்முறைப் பரீட்சையிற் சித்தியெய்தின் சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழ் துறைமுகத்து ஆலையிலும் வெளிநாட்டிலும் பயன்படும்.

கமத்தொழிலை முறையாகக் கற்க விரும்புவோர்க்கு விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகள் உள்ளன. குண்டசாலை, வவுனியா, பாலமுனை என்பன அவற்றுட் சில. படித்து வெளியேறுபவர் அரச சேவைக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் செல்லலாம். சொந்தக் கமத்தையும் நடத்தலாம். நிலாவெளி வீதியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் வணிகம், தொடர்பாடல், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகிய துறைகள் கற்பிக்கப்படுகின்றன.

8. பெண் பிள்ளைகள்

தொழில் தெரிவு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. இம்மாவட்டத்தில் வெங்காயம் நடுதல், களை பிடுங்கல், பால் கறத்தல், கருவாடு போடுதல் ஆகிய வேலைகளைப் பெண்களே பெரிதும் செய்கின்றனர். ஆயின் விற்பனையும் கணக்கும் பெரும்பாலும் பிறர் கையில் உள்ளன. வேலையோடு கணக்கையும் விற்பனையையும் தம் கையில் எடுக்கும் பெண்ணே அதைத் தொழிலாக நடத்துபவர் ஆவார். நாற்றுமேடை, தயிர், காளான், பழப்பாகு, அரிசிமா ஆகியவற்றைச் சிறு முதலோடு வீட்டிலேயே தொடங்கலாம். அரச காணியின் பின்னுரிமையில் ஆண் மக்களுக்கு இருந்த முற்சலுகை 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. மகளும் கமக்காரர் ஆகலாம் என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

9. பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளையின் தொழிலை அயலவர் மதிப்பைக் கொண்டு தீர்மானித்தல் ஆகாது. கமம் செய்ய விரும்பும் பிள்ளையை "படித்ததெல்லாம் வீண்" என்று ஏசுவதும், படிக்க விரும்பும் பிள்ளையை வயலுக்கு இழுப்பதும் ஒரே வகைத் தவறுகளே. கமம் செய்ய முன்வரும் பிள்ளைக்கு ஒரு வரவையையோ ஒரு பசுவையோ தனியாக ஒப்படைத்து, அதன் வரவையும் செலவையும் பிள்ளையிடமே விடுதல் வேண்டும். கூலியும் இன்றிக் கணக்கும் இன்றித் தந்தையின் வயலில் உழைக்கும் இளைஞருக்கு அத்தொழிலில் ஊக்கம் பிறவாது.

10. சுருக்கம்

(1) நிறுவனத்தை நம்பித் தொழில் தேடற்க. வேறிடத்திலும் பயன்படும் தேர்ச்சியைத் தேடுக.

(2) இம்மாவட்டத்தின் இரு பருவங்களையும் பயன்படுத்துமாறு ஒரு முதற்றொழிலும் ஒரு துணைத்தொழிலும் அமைத்துக்கொள்க.

(3) விருப்பம், உடல்நலம், குடும்பத்தின் உடைமை ஆகியவற்றை எழுத்தில் ஆராய்க.

(4) தொடங்குமுன் கணக்கிடுக. குத்தகையையும் வட்டியையும் கணக்கில் விடற்க.

(5) சிறு அளவிற் பரீட்சித்த பின்னரே பெருக்குக.

(6) தேர்ச்சிக்குச் சான்றிதழ் பெறுக.

(7) உத்தியோகத்திற்கு விண்ணப்பித்தவர், காத்திருக்கும் காலத்தில் ஒரு தொழிலைப் பழகுக.

கமத்தொழில் பற்றிய மேலதிக விபரங்களை அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும், கால்நடை பற்றியவற்றை மிருக வைத்திய அலுவலகத்திலும், தொழிற்பயிற்சி பற்றியவற்றைப் பிரதேச செயலகத்திலும் கேட்டறியலாம். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையை 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திற் பெறலாம். செல்லும்போது, 4ஆம் பிரிவிலுள்ள வினாக்களுக்கு எழுதிய விடைகளையும், காணியின் அளவு, நீர் வசதி பற்றிய குறிப்பையும் உடன் கொண்டு செல்லுதல் நன்று. இளைஞரின் நிலையை அறிந்த உத்தியோகத்தரே பயனுள்ள ஆலோசனை கூற இயலும்.